வாடை இல்லை

எங்கள் எல்லோருக்கும் அவர் மூக்கக்கா. பெயர் வைத்தது யார் என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது ஒட்டிக்கொண்டிருந்தது. அவரும் அதை ஒரு பட்டம் மாதிரிதான் சுமந்துகொண்டிருந்தார்.

நாங்கள் எட்டுப் பேர், ஒரு உணவுப் பரிசோதனை நிலையத்தில் கோழிக்கறியைத் தின்று மதிப்பெண் போடும் வேலையில் இருந்தோம். "திங்கறதுக்குச் சம்பளமா? குடுத்துவெச்சவ நீ" என்று என் நாத்தனார் இன்றைக்கும் சொல்வாள். வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் டீ கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு பலகைத் தடுப்பு. உள்ளே சிவப்பு பல்பு, கறியின் நிறம் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. எதிரே சின்னக் கதவு திறக்கும். மூடி போட்ட கிண்ணம் வரும். மேலே மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். மூடியைத் திறந்ததும் மூன்று முறை முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு கடைவாயில் போட்டு, எத்தனை மெல்லில் கரைகிறது என்று எண்ண வேண்டும். நடுநடுவே வெந்நீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். வெறும் தண்ணீரில் வெந்த கறியை ஒரு நாளைக்கு இருபது கிண்ணம் தின்கிறவர்கள் வீட்டுக்குக் கோழி வாங்குவதில்லை.

அந்த வருஷம் எங்களிடம் வந்தது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கொட்டகைக்குள் அடைபட்டு நாற்பது நாளில் கொழுத்த பிராய்லர் ஒரு பக்கம், வெளியே மேய்ந்து மூன்று மாதத்தில் மெல்ல வளர்ந்த கோழி மறுபக்கம். இரண்டில் எது நல்ல கறி? கடைக்காரர்களுக்கு அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். பிராய்லரின் நெஞ்சுக்கறி பெரிதாக இருக்கும், வாயில் வைத்தால் நனைந்த பஞ்சு போல நீரை விட்டுவிட்டுப் பிரிந்துபோகும். மேய்ந்த கோழியின் நெஞ்சு ஒடுங்கியிருக்கும், தொடை இறுகியிருக்கும், நார்நாராகப் பல்லோடு மல்லுக்கட்டும். மெல்ல மெல்லத்தான் உள்ளிருந்து ருசி வரும். அதன் மணமும் கனம். பிராய்லருக்குப் பழகிய மூக்குக்கு அந்தக் கனமே சில சமயம் குறையாகத் தெரியும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மூக்கக்காதான். பதினாலு வருஷ அனுபவம். ஒருமுறை ஒரு கிண்ணத்தை முகர்ந்ததும், "இது ஈரக் கோணியில சுத்தி வந்திருக்கு" என்றார். அறையை நடத்திய ஸ்டாப்வாட்ச் சார் நம்பாமல் கீழே போய்ப் பார்த்தார். (கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும், அதனால் அந்தப் பெயர்.) ஐஸ் பெட்டிக்கு அடியில் ஈரக் கோணி விரித்திருந்தது. அன்றிலிருந்து, சந்தேகமான கிண்ணத்துக்கு மூக்கக்கா சொன்னதே தீர்ப்பு.

மழைக்காலத் தொடக்கத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் வரவில்லை. திரும்பி வந்தபோது முகம் ஒட்டிப்போயிருந்தது. முன்பெல்லாம் தின்று முடித்து மேஜையைச் சுற்றிப் பேச்சுக்கு உட்கார்ந்தால் முதலில் வாய் திறக்கிறவர், இப்போது எங்களைப் பேசவிட்டுக் கடைசியில் "ஆமா, எனக்கும் அப்படித்தான்" என்றார். காய்ச்சல் ஆளைப் பணிவாக்கிவிட்டது என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அவரும் சிரித்தார்.

நடந்தது வேறு. அதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். காய்ச்சல் விட்ட வாரம் வெளியூரில் வேலை, நாலு நாள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாராம்.

"என்னடி இது, பிணம் நாறுது?"

"எங்க?"

"எங்கயா? வீடு பூரா!"

அலமாரியை நகர்த்தினால், பின்னால் எலி செத்துக் கிடந்தது. புழு வைத்திருந்தது. அதற்கு மூன்றடி தள்ளி மேஜை போட்டு அக்கா மூன்று நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கணவர் முறத்தில் அள்ளிக்கொண்டு போனபோது அவர் மெதுவாகப் பக்கத்தில் போய்க் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். காற்று மட்டும் உள்ளே போனது.

டாக்டர், ஒரு மாதத்தில் வரலாம், ஒரு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம் என்றார். கணவர் வேலையில் சொல்லிவிடச் சொன்னார்.

"சொன்னா மறுநாளே என் தடுப்புல வேற ஆள் உக்காரும்" என்றார் அக்கா. "அங்க எனக்குன்னு இருக்கறதே இது ஒண்ணுதான். பேரே அதுதான்."

பல்லை வைத்துச் சமாளிக்க ஆரம்பித்தார். பதினாலு மெல்லில் கரைந்தால் பிராய்லர், இருபத்திரண்டைத் தாண்டினால் மேய்ந்த கோழி. எலும்போடு வந்தால், அது எவ்வளவு கெட்டி என்று நகத்தால் அழுத்திப் பார்த்தார். மணம் என்ற கட்டத்தில் நடுவாந்தரமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, பேச்சில் எங்கள் முகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டார். ஐந்து மாதம் இப்படியே ஓடியது. நாங்கள் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அவருக்கு ஒரு தம்பி. அப்பா அம்மா போன பிறகு அக்காதான் அவனை வளர்த்தார். ஊருக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மேய்ச்சல் கோழி வளர்த்தான். பெரிய கடைக்காரர்கள் சிலர், எங்கள் நிலையத்தின் சான்று இருந்தால் அவன் கோழிகளை வருஷம் முழுக்க வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். புல், புழு, தானியம் இவற்றைத் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை என்று அவன் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருந்தான்.

அந்த வருஷம் மழை நிற்கவில்லை. கோழிகளை வெளியே விட முடியவில்லை. எடை ஏறவில்லை. தீவனக் கடைக்காரன், கருவாட்டுத் தூள் கலந்து போட்டால் மளமளவென்று ஏறும் என்று சொல்ல, தம்பி இரண்டு மூட்டை வாங்கிக் கலந்தான். யாரிடமும் சொல்லவில்லை. விற்பனைக்கு அறுப்பதற்கு மூன்று வாரம் முன்னால் ஒன்றை அறுத்து வேகவைத்தபோது அவன் மனைவிதான் முகத்தைச் சுளித்தாள்.

"மீன் நாறுதுங்க."

அவனுக்குத் தெரியவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டே கிடந்தவன் மூக்குக்கு எல்லாமே கருவாடாகத்தான் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உரித்த கோழி ஒன்றை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். அக்காவின் கணவர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா வெறும் தண்ணீரில் வேகவைத்தார். தம்பி நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எப்படி இருக்கு?"

"இதான்டா கோழி. பல்லுக்கு வேலை குடுக்குது பாரு."

"வாடை கீடை எதாவது?"

"வாடையா? என்ன வாடை?"

"சும்மாதான் கேட்டேன். உன் மூக்குக்கு எதாவது தட்டுப்படுதான்னு."

அக்கா இன்னொரு துண்டை எடுத்து முகர்கிற மாதிரி முகர்ந்து, வாயில் போட்டுக்கொண்டார். "ஒண்ணும் இல்லடா. தங்கம் மாதிரி இருக்கு."

அவன் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தானாம். இரண்டு முறை கேட்டானே, ஏன் கேட்டான் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்று அக்கா என்னிடம் சொன்னார். தம்பி முன்னால் தன் குட்டு உடையாமல் இருந்தால் போதும் என்பதுதான் அப்போது மனசில் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்தக் கோழிகள் எங்களிடம் வந்தன. எண் 417. வருவது தம்பியின் கோழி என்று அக்காவுக்குத் தெரியும், தேதியை அவனே சொல்லியிருந்தான். சொந்தக்காரர் சரக்கு என்றால் விலகிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விதி. கொண்டுவந்தவருக்கும் எனக்கும் உறவில்லை என்ற தாளில் அன்று எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டோம். அக்காவும் போட்டார்.

நான் மூடியைத் திறந்தேன். முதல் மூச்சில் கோழி. இரண்டாவதில், அடியிலிருந்து ஒன்று எழும்பி வந்தது. மீன் கடையைக் கழுவிவிட்ட பிறகு தரையில் நிற்குமே, அந்த ஈரம். லேசாகத்தான். ஆனால் இருந்தது. 'வாடை' என்ற கட்டத்தில் 'மீன்' என்று எழுதினேன்.

வாடை விஷயத்தில் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே முடிவுதான் எழுத வேண்டும். அதனால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். என்னைத் தவிர, முன்பு மருந்துக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரும் மீன் என்று எழுதியிருந்தார். மற்றவர்கள் 'மணம் கனம்' என்று எழுதியிருந்தார்கள். ஸ்டாப்வாட்ச் சார் வழக்கம்போல அக்காவைப் பார்த்தார். ஐந்து மாதமாகக் கடைசியில் பேசிக்கொண்டிருந்தவர் அன்று முதலில் பேசினார்.

"மீனும் இல்ல, கீனும் இல்ல. இது வெளிய சுத்தின கோழி. புழு தின்னிருக்கும், பூச்சி தின்னிருக்கும், மழை மண்ணைக் கிளறியிருக்கும். அந்த வாசனை இருக்கத்தான் செய்யும். நீங்கல்லாம் பிராய்லர் தின்னு தின்னு, கோழிக்கு வாசனையே இருக்கக் கூடாதுன்னு நெனச்சிட்டீங்க. ருசியைக் கொண்டுவந்து குடுத்தா, குறைன்னு எழுதறீங்க."

பெரியவர், "இல்லம்மா, எனக்கு ஒரு மாதிரி…" என்று இழுத்தார்.

"உங்களுக்குச் சளி புடிச்சிருக்கு, இருமிட்டே இருக்கீங்க" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்துவிட்டு, எழுதியதை அடித்தார்.

சார் என்னைப் பார்த்தார். "நீங்க?"

அக்கா சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவரிடமே கற்றுக்கொண்ட பாடம் அது, பொதுவாக உண்மையும்கூட. பிராய்லர் மூக்கு என்று என்னைச் சொல்லிவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது. நான் அடித்துவிட்டு, 'வாடை: இல்லை' என்று எழுதினேன். எட்டுக் கையெழுத்தும் ஆயிற்று.

கடைகளுக்குப் போன கோழி நாலாவது நாளே திரும்பி வர ஆரம்பித்தது. ஆறிப்போன கறியை மறுபடி சுடவைத்தால் வீடே நாறுகிறது என்றார்கள். ஒரு அம்மாள் சமைத்ததைப் பாத்திரத்தோடு கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனாளாம். வாரக் கடைசியில் கடைக்காரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, எங்கள் சான்றின் நகலைச் சாருக்கு அனுப்பினார்கள்.

சார் குளிர்பெட்டியில் வைத்திருந்த 417இன் மிச்சத்தை எடுத்துச் சுடவைத்தார். கிண்ணம் கைமாறிக் கைமாறி வந்தது. இந்த முறை யாருக்கும் சந்தேகமில்லை. கிண்ணம் அறைக்குள் வரும்போதே தெரிந்தது. கடைசியாக அக்காவிடம் போனது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து, முறைப்படி மூன்று முறை முகர்ந்தார்.

"ஆமா, இருக்கு" என்றார்.

"அன்னிக்கு எப்படிக்கா விட்டுட்டீங்க?" என்றார் சார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "அறுக்கறதுக்கு மூணு வாரம் முன்னாடி தெரிஞ்சு, மீன் தீவனத்தை நிறுத்தியிருந்தா தானாப் போயிருக்கும். கோழி அருமையான கோழி."

அக்கா கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பின்னால் போனேன். கழுவுமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, கையை நனைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னார். எலியிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல். கருவாட்டுத் தூள் விஷயத்தைத் தம்பி மனைவி முந்தின நாள்தான் போனில் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

"அவன்கிட்டப் போய்ச் சொல்லணும். தனியாப் போகக் கால் வரல. கூட வர்றியா?" என்றார்.

போனோம். பஸ்ஸை விட்டிறங்கி ஒரு மைல் நடை. மழை விட்டிருந்தது. கம்பி வேலிக்குள் கோழிகள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன, அறுநூறு இருக்கும். விற்பதற்குத் தயாராக இருந்த அடுத்த தொகுதி. தம்பி எங்களைப் பார்த்ததும் வேலியைத் தாண்டி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. நல்லவன், வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.

"நீ ஏன்க்கா இவ்ளோ தூரம் அலையற? இது கடைக்காரங்க பண்ற வேலை. வேற எவன்கிட்டயோ மலிவா வாங்கப் போறாங்க, அதுக்கு ஒரு சாக்கு. நான் தூள் போட்டது தப்புதான். ஆனா உன்கிட்டக் கொண்டுவந்து காட்டிட்டுத்தானே அனுப்பினேன்? உனக்கே தெரியாத வாடை ஊர்ல எவனுக்குத் தெரிஞ்சிடுச்சு?"

அக்கா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"தம்பி, எனக்கு மூக்கு இல்லடா."

"என்னது?"

"காய்ச்சல்ல போயிடுச்சு. ஒரு வாசனையும் தெரியாது. நீ கொண்டுவந்த அன்னிக்கும் தெரியாது. பல்லை வெச்சுச் சொன்னேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளேயிருந்து தம்பி மனைவி வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"நான் சொன்னேன் அண்ணி. அடுப்புல வேகும்போதே சொன்னேன், மீன் நாறுதுன்னு. 'எங்கக்காவை விடவா உனக்கு மூக்கு நீளம்'னு கேட்டாரு. நீங்க தங்கம்னு சொன்னீங்கன்னு வந்து சொன்னப்ப, நான்தான் பைத்தியம்னு நெனச்சேன். வாயை மூடிக்கிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "'தெரியல'ன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் உங்களுக்கு?"

அக்கா, "தப்புதான்மா" என்றார்.

"தப்புன்னா, குழம்புல உப்பு போட மறக்கறது."

தம்பி சுவரில் சாய்த்திருந்த வாளியை எடுத்து, அதில் தானியத்தை அள்ளிக்கொண்டு வேலிக்குள் போனான். கோழிகள் நாலா பக்கமிருந்தும் அவன் காலைச் சுற்றி ஓடி வந்தன. நாங்கள் அரை மணி நேரம் நின்றோம். வாளி காலியான பிறகும் அவன் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான். அக்கா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "வா போலாம்" என்றார்.

மறுநாள் சாரிடமும் சொன்னார், உறவை மறைத்ததையும் சேர்த்து. அவரை அன்றே அனுப்பிவிட்டார்கள். கடிதத்தைச் சாரே எழுதிக் கொடுத்தார். மேஜை இழுப்பறையில் அக்காவுக்கு இருந்தது ஒரு துண்டும் ஒரு டம்ளரும்தான். பெரியவரும் நானும் வாசல் வரை போனோம். எங்கள் இருவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் முகர்ந்தவள், அடித்தவள், கையெழுத்துப் போட்டவள். என் நாற்காலி எனக்கே இருந்தது.

அந்த அறுநூறு கோழிகளுக்கும் ஒரு முடிவு வந்தது. தம்பி தூளை நிறுத்தி மூன்று வாரம் தானியம் மட்டும் போட்டான். சார், தன் மனச்சாட்சிக்காகவோ என்னவோ, அதிலிருந்து நாலை வரவழைத்து எங்களுக்குக் கொடுத்தார். அந்தக் கிண்ணத்தை நான் மறக்கமாட்டேன். துளி மீன் இல்லை. தொடை இருபத்து நாலு மெல்லுக்கு நின்று, கடைசியில் ஒரு இனிப்பை விட்டுவிட்டுப் போனது. நான் அதுவரை போட்டதிலேயே உயர்ந்த மதிப்பெண் அதுதான். அறிக்கையை எடுத்துக்கொண்டு தம்பி ஏறி இறங்காத கடையில்லை. மீன் நாறுகிற கோழிக்காரன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. கோழிகளுக்கு வயது கூடக் கூடக் கறி முற்றிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் நாய்த் தீவன ஆலையிலிருந்து லாரி வந்து அறுநூறையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

இப்போது அந்த நிலத்தில் வேலி இல்லை. நீளமாக இரண்டு தகரக் கொட்டகை. ஒரு நிறுவனம் குஞ்சும் தீவனமும் கொடுக்கிறது. தம்பி வளர்த்துக் கொடுக்கிறான். முப்பத்தெட்டாவது நாள் லாரி வரும். அதற்குள் சில கோழிகளுக்கு எடை தாங்காமல் கால் மடங்கிவிடும் என்றும், தினமும் காலையில் செத்ததை எடுத்து வாளியில் போடுவதுதான் அவனுக்கு முதல் வேலை என்றும் தம்பி மனைவி சொன்னாளாம்.

மூக்கக்கா ஒரு கோழி வெட்டும் ஆலையில் சேர்ந்தார். ஒரு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கவிட்டார்கள். பெல்ட்டில் உரித்த நெஞ்சுக்கறி வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. எல்லாம் வேகமாக வளர்ந்த கோழி. ஒவ்வொன்றும் என் இரண்டு உள்ளங்கை அகலம். அக்கா கையுறையோடு ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்துகிறார். சில துண்டுகள் வளர்ந்த வேகத்தில் உள்ளுக்குள்ளேயே மரக்கட்டை போல இறுகிவிட்டிருக்கும். அவற்றை எடுத்து நீலத் தொட்டியில் போடுகிறார். அது அரைப்பதற்குப் போகும். மற்றது பெல்ட்டிலேயே போகிறது. நிமிஷத்துக்கு முப்பது.

இடைவேளையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கட்டைவிரல் வீங்கியிருந்தது.

"இங்க என்னை யாருக்கும் தெரியாது. பன்னெண்டாம் நம்பர்னு கூப்பிடறாங்க" என்றார். "இதுக்கு மூக்கு வேணாம். அதுவும் நல்லதுதான். உள்ள வர்றவங்கல்லாம் முதல் வாரம் வாந்தி எடுக்கறாங்க."

"தம்பி பேசினாரா?"

"இல்ல. அவ மட்டும் மாசத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவா. உடம்பு எப்படி, வீட்ல எப்படி, அவ்வளவுதான்."

அவர் டீயை வாங்கி ஒரு வாய் குடித்தபோது போன் அடித்தது. தம்பி மனைவிதான். அக்காவின் கை ஈரமாக இருந்ததால் போனைப் பெஞ்சில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா?"

"இடைவேளைதான். சொல்லும்மா."

"ஒண்ணுமில்ல. அவரு பக்கத்துலதான் இருக்காரு." கொஞ்சம் தயங்கினாள். "கேக்கச் சொன்னாரு. மூக்கு திரும்பிச்சான்னு."

அக்கா டீ கிளாஸை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். ஆவி கண்ணில் பட்டது. மூன்று முறை மூச்சை இழுத்தார்.

"இல்லம்மா. வரலைன்னு சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ எதுவோ சொல்வது கேட்டது. என்ன சொன்னான் என்று பிடிபடவில்லை. கொட்டகைக் கோழிகளின் இரைச்சல் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி அண்ணி, வெச்சிடறேன்" என்றாள் அவள்.

ஆலை மணி அடித்தது. அக்கா மிச்ச டீயைக் கீழே ஊற்றிவிட்டு, வீங்கிய விரலை மெதுவாக நுழைத்துக் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.